குழல் மாறினால் துப்பாக்கி மாறுமா?

கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ குதிரைமேல் இருந்தபடியே, துப்பாக்கியின் அடியில் வளையம் மாதிரி இருக்கும் லீவரை 'கடக்'கென்று கீழே தள்ளி மேலே இழுப்பார். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். அடுத்தது உள்ளே ஏறும். அதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். அமெரிக்காவின் நியூஹேவன் நகரத்தில் வின்செஸ்டர் கம்பெனி செய்த 1873, 1894 மாடல்கள் ரொம்பப் பிரசித்தம். இன்றைக்கு அவற்றைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர்கள் அங்கே ஏராளம்.

துப்பாக்கி மேல் எனக்கு மோகம் கிடையாது. ஆனால், இந்தச் சேகரிப்பாளர்கள் ஓயாமல் கேட்கிற ஒரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது. 'இதில் இருக்கிற குழல் ஒரிஜினலா, அப்புறம் மாற்றியதா?'

எதற்காக மாற்றினார்கள்? அந்தக் காலத்துத் தோட்டாவைச் சுட்டால் குழலுக்குள் உப்புப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைக்காவிட்டால் துருதான். உள்ளே இருக்கும் சுருள் வரிகள் அரித்துப்போனால் குறி தப்பும். மாடு மேய்த்தவனுக்கு அது அருங்காட்சியகப் பொருளா என்ன? மண்வெட்டி மாதிரி ஒரு கருவி. கம்பெனிக்கு அனுப்பினான். புதுக் குழல் போட்டுக் கொடுத்தார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

நூறு வருஷம் கழித்து அதைக் கண்டுபிடிப்பது பெரிய துப்பறியும் வேலை. முன்கட்டையைக் கழற்றினால், 1894 மாடலின் பல குழல்களில் அடிப்பக்கம் இரண்டு இலக்கத்தில் வருஷம் இருக்கும். வரிசை எண்ணோ துப்பாக்கியின் உடல்பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஓராண்டு வித்தியாசம் என்றால் பதற வேண்டாம். ஸ்டாக்கில் கிடந்த குழலை எடுத்து மாட்டியிருப்பார்கள். இருபது வருஷ வித்தியாசம் என்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றியதுதான். 1905-லிருந்து நீள்வட்டத்துக்குள் 'டபிள்யூ', 'பி' என்ற எழுத்துக்களைக் கம்பெனி முத்திரையாகக் குத்தியது. அதற்கு முந்தைய துப்பாக்கியில் இது இருந்தால், அது ஒருமுறை தாய்வீட்டுக்குப் போய் வந்திருக்கலாம். தனியாக விற்ற குழலுக்கு வெறும் 'பி' முத்திரை. வயோமிங் மாநிலத்தில் கோடி என்கிற ஊர் அருங்காட்சியகத்தில் பழைய கம்பெனிப் பதிவேடுகள் இருக்கின்றன. பழுதுபார்க்கத் திரும்பி வந்த தேதிகூட அவற்றில் சிலவற்றுக்கு உண்டு. என்ன பழுது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை!

சரி, கண்டுபிடித்தாயிற்று. இப்போது சொல்லுங்கள். அதே கம்பெனி, அதே பட்டறை, குழல் மட்டும் இருபது வருஷம் இளையது. இது ஒரிஜினலா, இல்லையா?

அமெரிக்க மத்தியச் சட்டத்தைக் கேட்டால், 1968-லிருந்தே அதன் பதில் ஒன்றுதான். வரிசை எண் உள்ள உடல்பகுதிதான் துப்பாக்கி, குழல் வெறும் உதிரிபாகம். வேட்டைக்காரனைக் கேட்டால், 'குறி தப்பாமல் சுடுகிறதா, போதும்' என்பான். சேகரிப்பாளர், 'தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டும்' என்பார். ஒரு பலகை, இரு பலகை என்று மாற்றி மாற்றிக் கடைசியில் மொத்தமும் புதிதாகிப்போன தீசியஸின் கப்பலைப் பற்றி கிரேக்கர்கள் அடித்துக்கொண்ட அதே சண்டைதான்.

ஆனால், சட்டம் சொல்வதையும் முழுசாக ஏற்க முடியவில்லை. 1873 மாடலில் 'ஆயிரத்தில் ஒன்று' என்று ஒரு ரகம். சோதனையில் மிகச் சரியாகச் சுட்ட குழல்களைத் தனியே பொறுக்கி, அழகாகச் செய்து, நூறு டாலருக்கு விற்றார்கள். 1950-ல் 'வின்செஸ்டர் 73' என்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த படமே வந்தது. அந்த ரகத்தில் குழலைக் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன? வெறும் பெயர்தானே? ஆக, ஒரு பொருளின் உயிர் எந்தப் பாகத்தில் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. குழல் மாறிய துப்பாக்கிக்கு விலை குறைவு. அதனால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வேறொரு பழைய துப்பாக்கியைப் பிரித்து, வருஷம் பொருந்துகிற குழலை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் முத்திரையையே ராவி எடுக்கிறார்கள். இப்போது கவனியுங்கள். அந்த மாடு மேய்த்தவன் புதுக் குழல் போட்டானே, அதில் பாகம் புதுசு, கதை உண்மை. இவர் மாட்டியதில் ஒவ்வொரு பாகமும் அசல், மொத்தம் பொய்!

மாற்றுவது தப்பில்லை. தேய்ந்ததை மாற்றாமல் யாரால் வாழ முடியும்? இடுப்பெலும்பு மாற்றிக்கொண்ட பாட்டி நம் பாட்டி இல்லையா? மாறியதை மறைத்து, மாறாததன் விலையை வாங்குகிறோமே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. 'ஒரிஜினல்' என்றால் என்ன என்று தத்துவவாதிகள் இன்னும் இரண்டாயிரம் வருஷம் விவாதிக்கட்டும். வாங்குகிறவருக்கு நமக்குத் தெரிந்ததைச் சொல்ல அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை உங்கள் பழைய ஸ்கூட்டரை விற்கும்போது, வந்தவர் 'எல்லாம் ஒரிஜினல்தானே சார்?' என்று கேட்பார். தலையை ஆட்டுவதற்கு முன்னால் ஒரு விநாடி நில்லுங்கள். 'இன்ஜின் வேலை பார்த்திருக்கேன், பில் இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் குறையலாம். ராத்திரி தூக்கம் மட்டும் ஒரிஜினலாக இருக்கும்.