சேலையும் முள்ளும் சாலையும்

முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்பார்கள். பெண் பிள்ளைகள் வளரும் வீடுகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. பழமொழியின் கணக்கில் பிழையில்லை, கிழிவது சேலைதான். ஆனால் அதிலிருந்து நமக்குச் சொல்லப்படும் முடிவு எப்போதும் ஒன்றுதான்: சேலையை வெளியே கொண்டுபோகாதே. இதற்குப் பெயர் பாதுகாப்பு.

நான் பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். வார இறுதி இரவுகளில் பைக்கை எடுத்துக்கொண்டு ப்ளூஸ் கேட்கப் போவேன். வெற்றி நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் சாக்ஸபோன் என்ற இடம் 1987-லிருந்து இருக்கிறது. மேடைக்கும் மேசைக்கும் அதிக தூரமில்லை. வாசிப்பு முடிய நள்ளிரவு தாண்டிவிடும். போனில் அம்மா கேட்பார்: "அந்நேரத்துக்குத் தனியாவா வர்ற? பத்திரமா இருக்கியாடி?" ஜாக்கெட் போட்டிருக்கிறேன் என்பேன். இருவரும் பேசுவது பாதுகாப்பைப் பற்றித்தான். ஆனால் ஒரே பொருளில் இல்லை.

ரைடிங் ஜாக்கெட்டின் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இவள் போவாள், ஒருநாள் விழவும் கூடும் என்பதை ஒத்துக்கொண்டுதான் அதைத் தைக்கிறார்கள். ஐரோப்பியத் தர விதிகளில் முதுகுக் கவசத்துக்கென்று ஒரு சோதனை உண்டு. 50 ஜூல் ஆற்றலில் அதன்மேல் அடிக்கிறார்கள். கவசத்தைத் தாண்டி வரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 9-க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. ஹெல்மெட் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அது உயிரிழப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டார்கள். நூறு சதவீதம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. இவ்வளவுதான் என்னால் முடியும் என்று எண்ணில் சொல்லிவிட்டு, எங்கே போகிறாய், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எதையும் கேட்காத பாதுகாப்பு இது.

அதற்காக ஜாக்கெட்டைப் புகழ்ந்துவிட்டு முடித்துவிட முடியாது. ப்ளூஸ் அதற்கு விடுவதில்லை.

1920-இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டு நன்றாக விற்ற பிறகுதான் கறுப்பினப் பெண்களின் ப்ளூஸ் குரலைத் தேடி இசைத்தட்டு நிறுவனங்கள் வந்தன. மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் எல்லாரும் ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998-இல் வெளிவந்த தன் நூலில் இந்தப் பெண்களைப் பற்றி எழுதினார். அடிமைமுறை ஒழிந்தபோது அம்மக்களுக்குப் புதிதாகக் கிடைத்தவற்றில், விரும்பிய இடத்துக்குப் போவதும் விரும்பியவரை நேசிப்பதும் முக்கியமானவை. ப்ளூஸ் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பாடுவது அதனால்தான் என்கிறார்.

பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் பாடகி இல்லை, பைக் ஓட்டியவர். 1930-களில் அமெரிக்காவின் குறுக்கே தனியாகப் பயணம் போன கறுப்பினப் பெண். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகக் கடிதங்களைச் சுமந்தார். அவருடைய நிறத்தைப் பார்த்து விடுதிகள் அறை தர மறுக்கும். அப்போது பெட்ரோல் பங்க்கில், ஜாக்கெட்டைச் சுருட்டி ஹேண்டில்பாரில் வைத்து, பைக்கின் மேலேயே தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார். தார்ச்சாலையின் உராய்வை ஜாக்கெட் தாங்கும். அறை இல்லை என்ற பதிலுக்கு எதிராக அது தலையணையாக மட்டுமே உதவியது.

பாங்காக்கில் நான் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட பைக் டாக்ஸிக்காரர் வந்து நிற்பார். பின்னால் சீருடைப் பாவாடையோடு ஒரு பெண் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பதுதான் சட்டம். அவள் தலையில் பெரும்பாலும் ஹெல்மெட் இருக்காது. என்னைத் துணிச்சல்காரி என்று சொல்லும் நண்பர்கள் அவளை அப்படிச் சொல்வதில்லை. இரவுச் சாலை எனக்குப் பொழுதுபோக்கு, அவளுக்குப் பிழைப்பு. நான் வெளிநாட்டில் வேலை செய்தால் 'எக்ஸ்பாட்' என்கிறார்கள். பக்கத்து நாடான மியான்மரிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தைத் துடைக்கும் பெண்ணைப் புலம்பெயர் தொழிலாளி என்கிறார்கள். என் துணிச்சலில் ஒரு பங்கு என் சம்பளத்தில் வாங்கியது.

அப்படியென்றால் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டுமா? நான் கழற்றினால் அவளுக்குக் கவசம் வந்துவிடாது. என் கவலை வேறு. பாதுகாப்பு என்பது அவரவர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பொருளாகிவிட்டால், வாங்க முடியாதவள் அடிபடும்போது பழியும் அவள் மேலேயே விழும். "ஹெல்மெட் போடலையே", "அந்த நேரத்துல ஏன் போனா". இரண்டும் பழமொழியின் அதே குரல்தான். சேலையை வீட்டில் வை என்று சொன்ன குரல், இப்போது கிழியாத துணியாகப் பார்த்து வாங்கு என்கிறது. முள்ளைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

நம்மைக் காப்பதாகச் சொல்லி எது வந்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதனால் என் சாலை நீள்கிறதா, குறைகிறதா? என்னைத் தவிர வேறு யாரை இது காக்கும்? வீட்டுக் காவல் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. என் ஜாக்கெட் முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தோற்கிறது. எரிகிற தெருவிளக்கு, நள்ளிரவிலும் ஓடும் பேருந்து, பைக் டாக்ஸியில் பின்னால் உட்காருபவளுக்கும் தயாராக ஒரு ஹெல்மெட், வருகிற பெண் யாராக இருந்தாலும் அறை தரும் விடுதி: இவைதான் இரண்டிலும் தேறும். இவற்றை யாரும் கடையில் தனியாக வாங்க முடியாது. சேர்ந்துதான் கேட்டு வாங்க வேண்டும்.