தீயின் பங்கும் நம் பங்கும்

மனிதன் செய்யும் தொழில்களுள் பல, அவன் கையை விட்டு நீங்கிய பின்னரே முடிவு பெறுகின்றன. உழவன் விதைத்த பின் மழை தன் கடமையைச் செய்தல் வேண்டும். ஆசிரியர் கற்பித்த பின் மாணவன் உள்ளம் தன் கடமையைச் செய்தல் வேண்டும். குயவர் வனைந்த பின் தீ தன் கடமையைச் செய்தல் வேண்டும். இம்மூவருள் குயவர் நிலையே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. தம் உழைப்பு முழுவதையும் தாமே தீயினிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே நின்று அவர் காத்திருக்கிறார். சூளை திறக்கும் நாளில் வெளிப்படும் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பு யாருடையது? வனைந்த கையினுடையதா, எரித்த தீயினுடையதா? இவ்வினா மட்கலத்தை மட்டும் பற்றியதன்று. விளைவு தன் வசம் இல்லாத செயலில் இறங்கும் ஒவ்வொருவரையும் பற்றியது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நமக்கு மட்கலம் புதிய பொருளன்று. பலமனேரின் சுடுமண் வேலைப்பாடு ஊரறிந்தது. திருமலையில் பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடப்பினும், திருவேங்கடவனுக்கு நாள்தோறும் தயிரன்னம் படைக்கப்படுவது புதிய மண் ஓட்டில்தான். மண்ணால் மலர் செய்து வழிபட்ட குயவராகிய குரும்பறுத்த நம்பியின் கதையை அறியாத வைணவர் இலர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அந்த வட ஆர்க்காட்டின் மற்றொரு பக்கத்தில், காட்பாடியை அடுத்த கரிகிரியில், பச்சையும் பழுப்புமாக மின்னும் கண்ணாடிப் பூச்சுக் கலங்களைச் செய்யும் கலை வளர்ந்தது. ஒருபுறம் பூச்சற்ற ஓடு; மறுபுறம் மின்னும் கலம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை அழகைப் பொறுத்தது மட்டுமன்று.

பூச்சற்ற மட்கலம் நுண்துளைகள் உடையது. நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். ஒருமுறை உணவு ஏற்ற ஓட்டை முற்றும் தூய்மை செய்தல் அரிது. அக்குறையைத் தீர்க்க வந்ததே, தொழிற்கூடங்களில் ‘கிளேஸ்’ என்று வழங்கும் கண்ணாடிப் பூச்சு. மணலின் சாரமாகிய சிலிக்காவே அதன் உடல். ஆனால், அது தனித்து உருக 1,700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே, அதனை இளக்கி உருகச் செய்யும் துணைப்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. விறகுச் சாம்பலே ஒரு துணைப்பொருள்தான். பெருஞ்சூளைகளில் 1,200 பாகைக்கு மேல் வெப்பம் ஏறியபோது, பறந்து வந்து கலத்தின் தோளில் படிந்த சாம்பல் தானே உருகிக் கண்ணாடியானதைக் கண்டே கீழை நாட்டார் இக்கலையின் ஒரு கிளையைக் கற்றனர் என்பர்.

இப்பூச்சுகளில் தீ புரியும் விந்தைகள் பல. செம்பின் துகளைச் சிறிதளவு சேர்த்து, காற்று தாராளமாக நுழையும் சூளையில் சுட்டால் பச்சை நிறம் தோன்றும். அதே பூச்சினை, காற்றைக் குறைத்துப் புகை மண்டச் சுட்டால் செந்நிறம் தோன்றக்கூடும். இரும்பின் துகள் ஒரு சூளையில் தேன் நிறம் காட்டும். மற்றொன்றில் இளம்பச்சை காட்டும். ஒரே சூளையிலும் மேலடுக்கின் கலமும் கீழடுக்கின் கலமும் உடன்பிறந்தும் உருவொவ்வாத பிள்ளைகள் போல் வெளிவருவதுண்டு. பூச்சும் மண்ணும் குளிரும்போது ஒத்த அளவில் சுருங்காவிடின், மேற்பரப்பில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும்.

இத்தகைய தொழிலில் இருவகை மயக்கங்கள் எளிதில் பிறக்கின்றன. நல்ல நிறம் வந்தால் ‘என் திறமை’ என்பது ஒன்று. கெட்டுப்போனால் ‘தீயின் குற்றம்’ என்பது மற்றொன்று. அலுவலகங்களில் கோப்புகளோடு வாழும் என்னைப் போன்றோருக்கு இம்மயக்கம் நன்கு தெரிந்ததே. செயல் சிறந்தால் குறிப்பெழுதியவர் பலர் முன்வருவர். செயல் பிழைத்தால் மேலிடத்து ஆணையே எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடும். புகழைப் பங்கிட மறுப்பவன், பழியைப் பங்கிட விரும்புகிறான். இது அறமாகாது.

அவ்வாறாயின் அறவழி யாது? தேர்ந்த கைவினைஞர் தம் நடைமுறையாலேயே இதற்கு ஒரு பாதி விடை தந்துள்ளனர். அவர்கள் புதுப் பூச்சினை நேரே பெருங்கலத்தில் இடுவதில்லை. சிறு சிறு மண் வில்லைகள் செய்து, ஒரு பொருளைப் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு எனப் படிப்படியாக மாற்றிக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, ஏட்டில் பதிந்து, பின்னரே சுடுவர். 1886ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலறிஞர் ஹெர்மன் சேகர், குறித்த வெப்பத்தில் வளைந்து சாயும் சிறு கூம்புகளை உருவாக்கினார். சூளைக்குள் நிகழ்வதை வெளியிலிருந்தே அறிய அவை வழி செய்தன. வில்லையும் ஏடும் கூம்பும் சொல்லும் பாடம் இதுவே: அறியக்கூடியதை அறிய முயலாமல் விட்டுவிட்டு, அதனை விதியின் கணக்கில் எழுதுதல் கூடாது. அறிய முயன்ற பின்னரும் எஞ்சி நிற்பதே உண்மையில் தீயின் பங்கு. அதனை முகம் கோணாமல் ஏற்றல் பணிவு. முயலாமலே அதனை முன்னிறுத்துதல் சோம்பல்.

மறுபாதி விடை இதனினும் கடியது. ஆராய்ச்சியின் இழப்பு யாரைச் சென்று சேர்கிறது என்பதே அது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பெர்னார்ட் பலிசி, வெண்ணிறப் பூச்சின் மறைபொருளைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். விறகு தீர்ந்த வேளையில் தம் வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் சூளைக்கு இரையாக்கியதை அவரே எழுதியிருக்கிறார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவரை உலகம் போற்றுகிறது. போற்றுதலும் தகும். ஆயினும், அந்தப் பலகைகளின் மேல் அவர் மனைவியும் மக்களும் நடந்தனர் அல்லவா? அவர் எரித்தது தம் பங்கை மட்டுமன்று. புதுமை காண்பவன் தன் உழைப்பையும் தன் பொருளையும் பந்தயம் வைக்கலாம். பிறர் பங்கை அவர் இசைவின்றி எடுத்து வைத்தல் எவ்வாறு தகும்?

மட்கலத் தொழிலில் இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் காரீயம். நாட்டுச் சூளைகளில் வெப்பம் பெரும்பாலும் ஆயிரம் பாகைக்குள் அடங்கிவிடும். அவ்வெப்பத்தில் மணலை எளிதில் உருக்கி, கண்ணைப் பறிக்கும் ஒளி தருவது காரீயம். நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆவது. அது வேறு, இது வேறு. காரீயப் பூச்சுள்ள கலத்தில் புளிக்குழம்போ, மோரோ, எலுமிச்சை ஊறுகாயோ இருந்தால், புளிப்பு அக்காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து உணவில் சேர்க்கக்கூடும். பச்சை நிறத்துக்காகச் செம்பு சேர்த்தால் இக்கசிவு மிகும்; சூட்டுப் பதம் குறைந்தாலும் மிகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. இங்கிலாந்தின் மட்கலத் தொழிற்சாலைகளில் பூச்சுக் குழம்பில் கைதோய்த்த தொழிலாளர் பலர் ஈய நோயால் நலிந்தனர். மெக்சிகோவில் மரபுவழிப் பூச்சுக் கலங்கள் இன்றும் மருத்துவர்களின் கவலைக்கு உரியனவாகவே இருக்கின்றன.

விரிசல் விழுந்த கலம் தன் குற்றத்தைத் தானே சொல்லும். காரீயக் கலமோ குற்றத்தை அழகாகவே காட்டும். ஆகவே, இங்கே ‘தீ செய்தது’ என்னும் சொல்லுக்கு இடமே இல்லை. மாற்று வழியும் உண்டு. வெங்காரம் குறைந்த வெப்பத்தில் மணலை உருக்க வல்லது. ஆனால், அது நீரில் கரையும். ஆகவே, முதலில் மணலோடு சேர்த்து உருக்கி, உருகியதை நீரில் கொட்டி நொறுக்கி, மீண்டும் பொடியாக அரைத்துப் பயன்படுத்தல் வேண்டும். உழைப்பு இருமடங்கு, செலவும் கூடுதல். அறம் பெரும்பாலும் இப்படித்தான் சற்று நீண்ட வழியில் நிற்கிறது. கலத்தில் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலக் கரைசலை 24 மணி நேரம் நிறுத்தி வைத்து, கசிந்த காரீயத்தை அளக்கும் சோதனை ஆய்வுக்கூடங்களில் உண்டு. உணவுக் கலம் விற்போர்க்கு இது மிகையான பணியன்று, கடமை.

‘எல்லாவற்றையும் அறிந்த பின்னரே செயற்பட வேண்டுமெனில் புதுமை எங்ஙனம் பிறக்கும்?’ என்று வினவலாம். வில்லையில் எத்துணைப் புதுமையும் செய்யலாம்; வில்லையில் யாரும் உண்பதில்லை. பூச்சாடியில் துணிந்து விளையாடலாம். உண்கலத்தில் மட்டும் ஐயத்துக்கு இடம் வைத்தலாகாது. எல்லை ஆராய்ச்சிக்கு அன்று. ஆராய்ச்சியின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றுவதற்கே.

இன்னும் ஒன்று. பொடியின் தன்மை அறியாது வாங்கிப் பூசிய ஏழைக் கைவினைஞர் மீதே பழி முழுவதையும் ஏற்றுதல் நீதியாகுமா? அறிவு மிக்க இடத்தில் பொறுப்பும் மிகும். பொடியின் இயல்பை மறைத்து விற்ற வணிகருக்கும், சோதிக்க வசதியிருந்தும் சோதியாத அமைப்புகளுக்கும் அதில் பங்குண்டு. மின்னும் கலம் வேண்டும், அதுவும் மலிவாக வேண்டும் என்று பேரம் பேசும் நமக்கும் பங்குண்டு.

புறநானூற்றில், கணவனை இழந்த பெண் ஒருத்தி, அவனைக் கவிக்கும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையுமாறு வேட்கோவை வேண்டுகிறாள். வனைபவர் கையில் பிறர் வாழ்வும் சாவும் ஒருங்கே வந்து நிற்பதை அப்பாடல் நமக்கு உணர்த்துகிறது. நம் ஒவ்வொருவர் தொழிலிலும் அப்படி யாரோ ஒருவர் முன்னே நின்று வேண்டிக்கொண்டுதான் இருக்கிறார். நம் கண்ணுக்கு அவர் தெரிவதில்லை. சூளையை மூடிய பின் தீயிடம் விட்டுவிடுவோம். மூடும் வரை உள்ள பங்கு நம்முடையது. அதனை மட்டும் யாரிடமும் விட்டுவிடலாகாது.