பாட்டுப் பழக்கமும் வழிபாடே



சனிக்கிழமை மாலையில் நமது பங்குக் கோவில்களின் பக்கமாகப் போனால் பல இடங்களில் ஒரே காட்சியைக் காணலாம். ஆறு மணிக்குப் பாட்டுப் பழக்கம் என்று அறிவித்திருப்பார்கள். ஆறரைக்கு நாலு பேர் வந்திருப்பார்கள். கீபோர்ட் வாசிக்கும் தம்பி ஏழு மணிக்கு வந்து சேருவார். எந்தப் பாட்டைப் பாடுவது என்ற பேச்சிலே இன்னும் அரை மணி போகும். ஒருவர் கைத்தொலைபேசியில் புதிய பாட்டொன்றைப் போட்டுக் காட்டுவார். அதை இரண்டு தரம் பாடிப் பார்த்து, "மிச்சத்தை நாளைக்குப் பார்ப்பம்" என்று கலைந்துவிடுவார்கள். தனிக்குரல் தனக்குக் கிடைக்கவில்லையே என்ற மனத்தாங்கலும் சிலரோடு வீட்டுக்குப் போகும். மறுநாள் பூசையிலே பாடகர் குழு பாடும். சனங்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதை யாரையும் குறைகூற எழுதவில்லை. பாடகர் குழுவில் இருப்பவர்கள் கூலி வாங்காமல் தங்கள் மாலைப்பொழுதைக் கோவிலுக்குக் கொடுப்பவர்கள். படிப்பையும், தொழிலையும், வீட்டு வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறவர்கள். அப்படி மனமுவந்து கொடுத்த நேரம் ஏன் களைப்பையும் கசப்பையும் தருகிறது? அதே நேரம் எப்படி உயிர் தரும் நேரமாக மாறலாம்? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

வலை பொத்தும் வேலை

மன்னார்த் தீவின் கரையிலே வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கடலுக்குப் போய் வந்த வலையை அப்படியே சுருட்டிவைத்துவிட்டு மறுபடியும் யாரும் கடலுக்குப் போவதில்லை. மணலில் விரித்து, கிழிந்த இடம் பார்த்து, பொறுமையோடு பொத்துகிறார்கள். அந்த வேலையைப் பார்ப்பதற்குக் கூட்டம் கூடாது. ஆனால் அது நடக்காவிட்டால் மறுநாள் பிடிபாடு இல்லை. யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அழைத்தபோது அவர்கள் மீன் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. தகப்பனோடு படகிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். ஆயத்தம் செய்யும் நேரத்திலும் ஆண்டவர் கரையோரமாக வருகிறார். பாட்டுப் பழக்கத்துக்கும் அவர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தண்டையில் மட்டும் அவரைச் சந்திக்கலாம் என்று எண்ணுவதுதான் நமது முதற் குறை.

பழைய ஏற்பாட்டைத் திறந்து பாருங்கள். குறிப்பேடு முதல் நூலின் 25ஆம் அதிகாரத்தில் தாவீது அரசர் ஆலயப் பாடகர்களை ஒழுங்குபடுத்துகிறார். ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குடும்பங்களிலிருந்து பயிற்சி பெற்ற 288 பேர். பிரிவுக்குப் பன்னிரண்டு பேராக 24 பிரிவுகள். யார் எப்போது பணி செய்வது என்று சீட்டுப் போட்டபோது பெரியவர் சிறியவர் என்றோ, ஆசிரியர் மாணவர் என்றோ வேறுபாடு பார்க்கவில்லை. பயிற்சியும் உண்டு, பணிவும் உண்டு. சாலமோன் ஆலயத்தை அர்ப்பணித்த நாளிலே எக்காளம் ஊதிய 120 குருக்களும் பாடகர்களும் ஒரே குரலாக ஒலித்த வேளையில்தான் ஆண்டவரின் மாட்சி மேகமாக ஆலயத்தை நிரப்பியது. அதே இஸ்ராயேலருக்கு, நீதியில்லாத வாழ்வோடு பாடிய பாட்டுக்களை ஆண்டவர் கேட்க விரும்பவில்லை என்று ஆமோஸ் இறைவாக்கினர் அறிவித்ததையும் மறக்கலாகாது. குரல் ஒன்றுபடுவதற்கு முன் மனம் ஒன்றுபட வேண்டும்.

முன்னோர் பழகிய விதம்

பழகுதல் என்பது நமக்குப் புதிய காரியமல்ல. மன்னாரும் மாதோட்டமும் நாட்டுக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலிய நாடகங்களை நமது மூதாதையர் பாடி ஆடினார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் எடுத்த முயற்சியால் 1960களில் அவற்றிற் சில அச்சேறின. ஒரே இரவில் அரங்கேறிய கூத்து எதுவும் இல்லை. அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார். எழுத வாசிக்கத் தெரியாதவரும் சொல்லிக் கொடுக்கக் கொடுக்கக் கேட்டுப் பாடமாக்கினார். பிற்பாட்டுக்காரரின் பங்கும் ராசா வேடக்காரரின் பங்குக்குக் குறைந்ததல்ல. பழக்கம் நடக்கும் இடத்தைச் சுற்றிப் பிள்ளைகளும் தாய்மாரும் குந்தியிருந்து கேட்பார்கள். ஆகவே கூத்து மேடையேறும் நாளிலே ஊரில் பாதிப்பேருக்குப் பாட்டுத் தெரிந்திருக்கும். பேசாலையின் உடக்குப் பாஸும் இப்படி ஊர் கூடிச் சுமந்த முயற்சியே.

இன்னுமொன்று. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின் நமது சமயம் தடைசெய்யப்பட்டது. 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் இலங்கைக்கு வரும்வரை குருக்கள் இல்லாத காலமாகவே இருந்தது. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழைக் கற்று, வியாகுல பிரசங்கம் முதலான நூல்களை எழுதிக் கொடுத்தார். தவக்காலத்திலே அதை இராகத்தோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கென்று ஓரிசை, ஓரிழுவை உண்டு. அது வாயிலிருந்து வாய்க்கு, பெரியவரிடமிருந்து சிறியவருக்குப் பழக்கத்தாலே வந்தது.

நமது காலத்திலே யுத்தம் வந்தது. 1990க்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் மடு வளாகத்திலே அகதிகளாக இருந்தன. 2008இல் மடு மாதாவின் திருவுருவமும் கோவிலை விட்டு இடம்பெயர வேண்டி வந்தது. ஓடுகிற ஓட்டத்திலே ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாட்டுப் புத்தகமும் மழையில் நனைந்துவிடும். மனப்பாடமான பாட்டு மட்டும் எங்கும் கூடவே வரும். இன்று நமது பிள்ளைகளுக்குப் புத்தகமோ திரையோ இல்லாமல் முழுதாகப் பாடத் தெரிந்த பாட்டுக்கள் எத்தனை? வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு என்று ஓடினால் எந்தப் பாட்டும் எவர் நெஞ்சிலும் தங்காது. துன்ப நாளிலும் மரணப் படுக்கையிலும் நமது சனங்களுக்கு வாயில் வர ஒரு பாட்டு இருக்குமா இருக்காதா என்பது சனிக்கிழமைப் பழக்கத்திலே தீர்மானமாகிறது. ஆகையால் இது சின்னக் காரியம் அல்ல.

திருச்சபை கேட்பது என்ன?

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, பாடகர் குழுவினர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று கற்பிக்கிறது. பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்கச் சொல்லும் அதே இடத்தில், விசுவாசிகளின் முழுக் கூட்டமும் தனக்குரிய பங்கைப் பாட வேண்டும் என்றும் கேட்கிறது. 1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, பாடகர்களுக்கு இசைப் பயிற்சி மாத்திரம் போதாது, திருவழிபாட்டு அறிவும் ஆன்மீகப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

அந்த அறிவுரையில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. திருப்பலியில் பாடவேண்டியவற்றை அது மூன்று படிகளாக வகுக்கிறது. முதற் படியில் இருப்பவை குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வாழ்த்துக்கள், நற்செய்திக்குரிய ஆர்ப்பரிப்புக்கள், தூயவர் பாடல், ஆண்டவர் கற்பித்த செபம் முதலியன. இரண்டாம் படியில் இரக்கப் பாடல், உன்னதப் பாடல், உலகின் பாவம் போக்கும் செம்மறியைப் புகழும் பாடல் முதலியன. வருகைப் பாடலும் நற்கருணைப் பாடலும் மூன்றாம் படியிலே வருகின்றன. முதற் படியை விட்டுவிட்டு அடுத்த படிகளுக்குப் போகக்கூடாது என்பது அதன் கருத்து.

நாம் செய்வது என்ன? மூன்றாம் படிக்கு ஒன்றரை மணிநேரம் செலவிடுகிறோம். முதற் படிக்கு ஒரு நிமிடமும் இல்லை. வீடு கட்டுகிறவன் அத்திவாரம் போடாமல் கூரைக்கு வர்ணம் பூசுவானா?

ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம்?

ஓர் எளிய ஒழுங்கை உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வொரு பங்கும் தன் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது, பாட்டுக்களின் தெரிவு பழக்கத்துக்கு முன்னமே முடிந்திருக்க வேண்டும். குழுத் தலைவர் பங்குத்தந்தையோடு பேசி, ஞாயிறு வாசகங்களைப் பார்த்துத் தெரிவு செய்து, வாரத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் விவாதம் போய்விடும். நாலு பேர் வந்திருந்தாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள்; சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். நேரத்துக்கு வந்தவர்களைக் காக்கவைத்தால் பிந்தி வருபவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகும். இரவு வெகுநேரமாகாமல் முடிந்தால் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரும் தயங்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஞாயிறு நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்க, முதற் பத்து நிமிடத்தை அதற்குக் கொடுங்கள். வாசித்தபின் சற்று மௌனமாயிருங்கள். மனத்தில் தைத்த ஒரு சொல்லை இரண்டொருவர் பகிரட்டும். பிரசங்கம் வேண்டாம்.

மூன்றாவது, இராகத்துக்கு முன் சொல். பாட்டின் வரிகளை எல்லோரும் ஒன்றாக, செபம் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லைப் பிரிக்கக்கூடாது, லகரம், ளகரம், ழகரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பன அப்போதே தெளிவாகும். சொல்லைவிடக் குரலின் இனிமையே தம்மை அதிகம் இழுத்த வேளைகளைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் தம் அறிக்கையிடுதல் நூலிலே மனம் வருந்தி எழுதியிருக்கிறார். அவருக்கே அந்தச் சோதனை என்றால் நமக்கு எம்மாத்திரம்!

நான்காவது, மக்களின் பதில்களையும் பதிலுரைப் பாடலையும் முதலில் பழகுங்கள். வாத்தியம் இல்லாமல் ஒருமுறை பாடிப் பாருங்கள். கீபோர்ட்டின் தாளச் சத்தம் மறைத்த பிழைகளெல்லாம் வெளியே வரும். ஒருவர் மற்றவரின் குரலைக் கேட்டுப் பாடவும் பழகுவோம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா பாட மற்றவர்கள் சேர்ந்து இழுக்கிறார்களே, பலசாலி ஒருவன் தன் பாட்டுக்கு முந்தி இழுத்தால் வலை கோணிப் போகாதா? பாட்டிலும் அப்படித்தான்.

ஐந்தாவது, மாதத்துக்கு ஒரு புதிய பாட்டுப் போதும். அதைப் பூசை தொடங்குமுன் ஐந்து நிமிடம் சனங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, நாலு ஞாயிறும் பாடினால் அது ஊரின் பாட்டாகிவிடும். பாடகர் குழுவின் வெற்றியை அளக்க ஒரே வழி, சனங்கள் எவ்வளவு பாடினார்கள் என்பதே.

கடைசியாக ஐந்து நிமிடம் செபம். வராதவர்களையும், சுகவீனமானவர்களையும், கடலுக்குப் போயிருப்பவர்களையும் பேர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.

மனத்தாங்கல்கள்

எவ்வளவு ஒழுங்கு வைத்தாலும், குழுக்களைக் குலைப்பது சுருதிப் பிசகைவிட மனப்பிசகே. திருநாள் நெருங்கும்போது தனிக்குரல் யாருக்கு, ஒலிவாங்கி யார் கையில், பழைய குழுவா இளையோர் குழுவா என்ற பூசல்கள் எழுகின்றன. ஒரே பீடத்தைச் சுற்றி நின்று பாடுகிறவர்கள் வெளியிலே முகம் பார்க்காமல் போகிறார்கள். பீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொன்னார் நம் ஆண்டவர். நமது காணிக்கை பாட்டு. ஒப்புரவாவதற்கு ஏற்ற இடம் பாட்டுப் பழக்கம். "தம்பி, போன கிழமை நான் சொன்னதை மனத்தில் வைக்காதை" என்ற ஒரு சொல், பத்துப் பாட்டுப் பழகியதற்குச் சமன்.

வயதுபோன பாடகர்களை ஒதுக்காதீர்கள். குரல் நடுங்கினாலும், பழைய புலம்பல்களின் இராகம் அவர்களிடமே இருக்கிறது. கிழமைக்கு ஒன்றாக அவர்களிடம் கேட்டுப் பழகினால் பழக்கம் இரு தலைமுறைகள் சந்திக்கும் இடமாகும். சுருதி சேராத பிள்ளையையும் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்தி அனுப்பாதீர்கள். நன்றாகப் பாடுகிற ஒருவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். கேட்கக் கேட்கக் காது திருந்தும். கோவிலிலே ஒருமுறை கூசிப்போன பிள்ளை அந்தக் கதவாலே திரும்பி வரப் பல வருடங்கள் ஆகலாம்.

பெற்றோரே, பாட்டுப் பழக்கத்துக்குப் போகும் பிள்ளையை, "படிப்பைக் கெடுக்கிறாய்" என்று தடுக்க வேண்டாம். அங்கே பிள்ளை பொறுமையையும், பிறரின் குரலுக்கு இடம்விடும் பண்பையும் கற்கிறது. பாடகர் குழுவில் இல்லாதவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த ஞாயிறு பூசையில் வாய்திறந்து பாடுங்கள். உங்கள் பதிலே அவர்கள் பட்ட பாட்டுக்கு நன்றி.

கடைசி இராப்போசனம் முடிந்தபின் நம் ஆண்டவரும் சீடர்களும் புகழ்ப்பா பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் போனார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. பாடுகளை நோக்கிப் போகும் வேளையிலும் அவர்களுக்குப் பாட்டு வாயில் வந்தது. சிறுவயது முதல் பாஸ்கா தோறும் பாடிப் பழகியிருந்தார்கள். அந்தப் பாக்கியம் நமது பிள்ளைகளுக்கும் கிடைக்கும்படி, வரும் சனிக்கிழமை பாட்டுப் பழக்கத்தை நற்செய்தியைத் திறந்து தொடங்குவோமாக.