நடந்து வருவதாக நேர்ந்துகொண்டால்

நாங்குநேரியிலிருந்து திருச்செந்தூர் ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிறது. விஜயநாராயணம், சாத்தான்குளம் வழியாகப் போனால் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, வெறுங்காலோடு கிளம்புகிறவர்களுக்கு வழியில் பனையைத் தவிர பெரிதாக நிழல் கிடையாது. பனை தருகிற நிழலும் ஒரு கோடுதான். அதனால் வெயில் காலத்தில் பெரும்பாலும் இரவில் நடக்கிறார்கள். பகலில் கிடைத்த மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். இதை விரதக் குறை என்று யாரும் சொல்வதில்லை. வெயிலுக்கு இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுப்பவர்கள், மழைக்கும் முழங்காலுக்கும் மட்டும் விட்டுக்கொடுக்க மறுப்பது வேடிக்கைதான்.

மழையை இந்தச் சீமையில் இனி அலட்சியமாகப் பேச முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் கொட்டியது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துக் கிராமத்தார் சமைத்துப் போட்ட சோறுதான் அவர்களைத் தாங்கியது.

ரயிலுக்கே அந்தக் கதி. நடப்பவருக்கு இன்னும் சிறிய மழையே போதும். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு தண்ணீர் ஓடும். பார்க்கச் சாதுவாக இருக்கும். அடியில் சாலை இருக்கிறதா இல்லையா என்பது கால் வைத்த பிறகே தெரியும்.

உடம்பின் எச்சரிக்கை அதைவிடச் சூட்சுமமானது. பல வருஷம் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கலாம். தார்ச்சாலையின் சூடு அவருக்கு உறைக்காது. கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பிறகுதான் பார்ப்பார். மற்றவர்களைவிட அவர் சளைக்காமல் நடப்பதாகத் தோன்றும். அதுதான் ஆபத்து. "அண்ணாச்சி, வண்டில ஏறிக்கிடுங்க" என்று கூட வருகிறவர் சொன்னால், "ஏறுனா நேந்துக்கிட்டது என்னாவும்?" என்பார். அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. முருகனுக்குக் கொடுத்த வாக்கு என்பது அவருக்கு விளையாட்டல்ல.

ஆனால் மரபு அவரைவிட இளகிய மனசோடு இருந்திருக்கிறது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாள் தங்கி விரதம் இருப்பவர்களில் ஒருவர் பாலும் பழமும் மட்டும் எடுப்பார், இன்னொருவர் ஒருவேளை சாப்பிடுவார். கடலில் குளிப்பது எல்லோரும்தான். நாங்குநேரியிலேயே வானமாமலைப் பெருமாள் மேல் நம்மாழ்வார் பாடிய திருவாய்மொழிப் பதிகம், நோற்ற விரதமும் நுட்பமான அறிவும் தன்னிடம் இல்லை என்ற ஒப்புதலோடுதான் தொடங்குகிறது. கைலைக்கு நடந்த திருநாவுக்கரசரோ கால் தேய்ந்து, ஊர்ந்து, உருண்டும் திரும்ப மறுத்தார். பெரியபுராணத்தில் இறைவன் அவரை மேலே இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்து, கைலைக் காட்சியை அங்கேயே கொடுத்தார்.

அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேசுவரரின் பாதுகையோடு லட்சக்கணக்கானோர் நடப்பார்கள். 2020இல் கொரோனா வந்ததும் பாதுகை அரசுப் பேருந்தில் போனது, கூடச் சிலர் மட்டும். ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரையில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தக் கறாரான ஏற்பாட்டிலும், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளும் பிரெஞ்சுப் பாதையில் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும்.

சிக்கல், பாதி வழியில் முடிவெடுப்பதில்தான். நனைந்த துணியும் வீங்கிய முழங்காலும் பத்துப் பேர் பார்வையும் சேர்ந்த இடத்தில் யாருக்கும் நிதானம் வராது. மாலை போடுகிற அன்றைக்கே குருசாமி பேசிவிடலாம்: வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் பயணம் தள்ளிப்போகும், மறுகால் ஓடுகிற பாலத்தில் யாரும் இறங்கக் கூடாது, சாத்தான்குளத்தில் எல்லோருடைய பாதத்தையும் பார்த்த பிறகுதான் மேலே நடை. நேர்ந்துகொள்ளும்போதே "உடம்பு இடம் கொடுக்கிற வரை" என்று சேர்த்துச் சொல்லவும் தடையில்லை. தள்ளிப்போனால் நாளுக்கும் பஞ்சமில்லை. சஷ்டியும் கிருத்திகையும் மாதந்தோறும் வருகின்றன. வைகாசி விசாகம் வரை தள்ளினால் மட்டும் வெயில் கொளுத்தும், மறுபடியும் இரவு நடைதான்.