அரைப்பேர்

1933 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, அன்றைய டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய மூன்றும் உடன்பட்டுத் தேயிலை ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டன. லண்டனில் விலை விழுந்துகிடந்த காலம். முதல் ஆண்டிலேயே 15 விழுக்காடு வெட்டு. புதிய நடுகைக்கும் கடுமையான கட்டுப்பாடு. விலை தேறியது. விளைவிக்கும் நாடுகள் இப்படிக் கைகோத்ததில் குற்றமில்லை. வாங்குவோர் பெரும் நிறுவனங்களாகத் திரண்டு நிற்கும்போது விற்போர் மட்டும் தனித்தனியே நின்று தேய வேண்டும் என்பது நியாயமாகாது.

ஆனால் விற்போர் என்பது யார்? கப்பலேறாத தேயிலை என்றால் மலையில் கிள்ளப்படாத கொழுந்து. கிள்ளப்படாத கொழுந்து என்றால் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒருத்திக்கு இல்லாமற்போன வேலைநாள். அந்த மந்த ஆண்டுகளில் தோட்டச் சம்பளம் குறைந்தது. வேலையற்றுப் போனவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லாமலும் இல்லை. கோ. நடேசய்யர் 1931இலேயே இலங்கை மலையகத்தின் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டியிருந்தார். மூன்று நாடுகளின் பேச்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எவரும் அழைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

தோட்டம் பிழைத்தால்தானே தொழிலாளி பிழைப்பார் என்பார்கள். உண்மைதான், மூடிய தோட்டம் யாருக்கும் சோறு போடாது. அப்படியானால் இறக்கத்தில் பங்கு கேட்டவர்கள் ஏற்றத்திலும் பங்கு கொடுக்க வேண்டும். பேச்சு மேசையிலும் இடம் கொடுக்க வேண்டும். பதப்படுத்தும் தக்காளிக்கான உலக மன்றத்தில் ஆலைக்காரர்களோடு விளைவிப்போர் சங்கங்களும் உட்காருகின்றன. தேயிலையில் விளைவிப்பவர் என்ற பெயர் கம்பனிக்கே போகிறது, கொழுந்தெடுப்பவர் அந்தப் பெயருக்குள் வருவதேயில்லை.

2013இல் கொழும்பில் சர்வதேசத் தேயிலை உற்பத்தியாளர் மன்றம் தொடங்கியது. இலங்கை, இந்தியா, கென்யா, இந்தோனேசியா, மலாவி, ருவாண்டா அதில் சேர்ந்தன. ஒருவரையொருவர் விலையில் அடித்து வீழ்த்தக்கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் மலையகத்தில் சம்பளப் பேச்சு வந்தாலே, கென்யாவில் ஒரு ஆள் இத்தனை கிலோ எடுக்கிறாரே என்ற கணக்கு மேசைக்கு வந்துவிடுகிறது. சரிவான மலை, நூற்றாண்டைத் தொடும் பழைய செடி, மழையில் கொழுந்தோடு கனக்கும் கூடை, இவை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. எட்டாதவருக்கு அரைப்பேர். விடிகாலையிலிருந்து மலையில் நின்ற உடம்புக்கு அரை நாள்.

விலையில் போட்டி வேண்டாம் என்று கூடுகிற நாடுகள் கூலியில் மட்டும் போட்டியை விட்டுவைக்கின்றன. இது மறதியால் நேர்ந்த பிழையல்ல. விட்டுவைப்பதில் ஒரு தரப்புக்கு ஆதாயம் இருக்கிறது. கென்யாவின் கெரிச்சோவில் பறிப்பவரும் அட்டனில் பறிப்பவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் எடுத்த கிலோவைக் காட்டித்தான் மற்றவருக்கு அரைப்பேர் எழுதப்படுகிறது.