வாடகை வண்டியும் பேருந்தும்

ஆவணி பிறந்ததும் கடலூர்க் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகிறது. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வாடகைக் கார் அமர்த்திச் செல்வதா, அல்லது திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து ஏறி, சிதம்பரத்திலும் நாகப்பட்டினத்திலும் மாறிச் செல்வதா? இதனை வெறும் பணக் கணக்கென்றே நாம் முதலில் எண்ணுகிறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓட்டுநர் பேட்டா இவ்வளவு, பேருந்துச் சீட்டு ஐந்து பேருக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டிப் பார்க்கிறோம். அந்தத் தாளில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு.

எருசலேமில் பாஸ்கா விழா முடிந்து திருக்குடும்பம் திரும்பிய செய்தியை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தோடு வருகிறான் என்றெண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணத் தொலைவைக் கடந்துவிட்டனர். இதனைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று கூறுவோரும் உண்டு. எங்களுக்கோ அது அப்படித் தோன்றவில்லை. உறவினரும் ஊராரும் சேர்ந்து நடந்த அப்பயணத்தில், ஒருவர் பிள்ளை எல்லார் பொறுப்பிலும் இருந்தது. நம் பேருந்துகளில் இன்றும் அதன் சாயலைக் காணலாம். நெரிசலில் நிற்கும் தாயின் கைக்குழந்தையை, அமர்ந்திருப்பவர் கேளாமலே வாங்கி மடியில் இருத்திக்கொள்கிறார். அவர் யார், எம்மதத்தவர் என்று தாய் கேட்பதில்லை.

இதற்காகப் பேருந்தைப் புனிதமாக்கிவிட வேண்டியதில்லை. மீன்கூடையுடன் ஏறும் பெண்ணைக் கண்டு முகம் சுளிப்போரும் அதே பேருந்தில்தான் வருகின்றனர். மேலும், அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியர் ஏற்றியது தம் சொந்த விலங்கின் மீது. அவரிடம் அது இல்லாதிருந்தால் அம்மனிதன் சாவடி போய்ச் சேர்ந்திருப்பானா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலின் 211-ஆம் பத்தியில், படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களுள் பொதுப் போக்குவரத்தோடு, ஒரு வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்வதையும் சேர்த்தே குறிப்பிட்டுள்ளார். புவனோஸ் அயர்ஸ் பேராயராக இருந்த காலத்தில் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் சென்று பழகியவர் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தாயாரின் முழங்கால் வலியை முன்னிட்டு நாங்கள் கார் அமர்த்தினோம். பேருந்தின் உயர்ந்த படி அவருக்கு ஏலாது. அம்முடிவைக் குறித்து எங்களுக்கு இன்றும் வருத்தமில்லை. சிதம்பரம் கடந்து கொள்ளிடம் பாலத்தை நெருங்குகையில், காவியுடை அணிந்த நடைப்பயணிகள் சாலையோரம் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தனர். நல்ல வெயில். நாங்கள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்ந்த காற்றில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். துயர மறையுண்மைகளில் நான்காவது. ஓட்டுநர் ஆரன் அடித்தார்; அவர்கள் மண்ணில் இறங்கி வழிவிட்டனர். சற்று அப்பால் மூதாட்டி ஒருவர் மரத்தடியில் அமர்ந்து தம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியில் ஓர் இருக்கை மீதமிருந்தது. அதில் பைகளை வைத்திருந்தோம். செபத்தின் நடுவில் யாரும் பேசவில்லை, வண்டி கடந்துவிட்டது.

நேர்ச்சைக்காக நடப்பவர் வண்டியில் ஏறமாட்டார் என்று பிறகு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இருக்கலாம். கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்!

அன்றிரவு நாங்கள் விடுதி அறையில் படுத்தோம். ஓட்டுநர் முன்னிருக்கையைச் சாய்த்துக்கொண்டு வண்டியிலேயே படுத்தார். வாடகைப் பயணங்களில் இது எல்லாரும் அறிந்த வழக்கம். அதனாலேயே எவரும் அதைக் கவனிப்பதில்லை. அவருக்கு ஒரு பாயும் தலையணையும் கேட்டு வாங்கச் சொன்னவர் எங்கள் தாயார்தாம். மறுநாள் திரும்புகையில், பைகளையெல்லாம் பின்பெட்டியில் அடுக்கச் சொல்லிவிட்டு, அந்த இருக்கையைத் தம் கையாலேயே துடைத்தார்.