கியர் பாக்ஸை இறக்கும் முன்

தம்பி, நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஆர்.பி.எம். முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் ஏறாமல் நின்றால், உன் காரின் கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கிவிட்டது. எந்தக் கிளட்ச் வாங்கலாம் என்ற யோசனையெல்லாம் அப்புறம். இன்றிலிருந்து அந்த வண்டியில் யாரையும் முந்தாதே. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு லாரியை முந்துவதற்காக எதிர்த்தடத்துக்குப் போன பிறகுதான் அது கைவிடும். இன்ஜினிடம் முழு இழுவையையும் நீ கேட்பது அந்த நொடியில்தானே. இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டிய உன் ரீமேப் பற்றி, எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போலோ ஜிடி 1.5 டிடிஐ மாதிரியான டீசல் கார் கம்பெனியிலிருந்து 250 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு வந்தது. ரீமேப் செய்தால் 300-ஐத் தாண்டுவது சாதாரணம். அரை நாளில் வேலை முடிந்துவிடும், லேப்டாப் ஒன்று போதும். அந்தக் கூடுதல் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தட்டைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசுவதில்லை. சில மாதம் கழித்து ஸ்லிப் ஆகும்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது ஒரு வேகத்தில், கிடைப்பதிலேயே முரட்டுக் கிளட்சாகப் பார்த்து வாங்கி மாட்டிவிடுகிறார்கள். முதலில் செய்தது அலட்சியம், அடுத்துச் செய்தது வீம்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்மையான வழி இருக்கிறது, அதில்தான் நீ போக வேண்டும்.

கியர் பாக்ஸை இறக்கியதும் பழைய பிளேட்டைக் குப்பையில் போட விடாதே. மேஜைமேல் வைத்து நீயே பார். லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் அது வயதால் வந்த தேய்மானம். லைனிங் தடிமனாக இருந்தும் கருத்து, பிசுபிசுப்பாக, எண்ணெய் வாடை அடிக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கிரான்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீல் கசிகிறது. அந்த சீலை மாற்றாமல் எவ்வளவு விலையில் எதைப் போட்டாலும் ஸ்லிப் ஆகத்தான் செய்யும். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால், சூடு தாங்காமல் போயிருக்கிறது. அதற்கு ரீமேப் மட்டுமல்ல, சிக்னலில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்துவைக்கும் உன் இடது காலும் காரணமாக இருக்கலாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு நியூட்ரலில் நிற்கும் பழக்கம் வந்தால், பலருக்கு இந்தச் செலவே வராது.

உண்மையிலேயே கிளட்ச்தான் போதவில்லை என்றால், கணக்கைப் போடு. கடினமான கணக்கல்ல. ப்ரெஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வு எண், லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க் வந்துவிடும். 228 மி.மீ. வெளிவிட்டமும் 150 மி.மீ. உள்விட்டமும் உள்ள லைனிங் என்று வைத்துக்கொள். சராசரி ஆரம் 94.5 மி.மீ. அழுத்தம் 5,000 நியூட்டன், உராய்வு எண் 0.3, முகங்கள் இரண்டு. விடை ஏறத்தாழ 283 நியூட்டன் மீட்டர். 250 தரும் இன்ஜினுக்குப் புதிதாக இருக்கும்வரை ஈடுகொடுக்கும், 320 தரும் இன்ஜினுக்கு முதல் நாளே போதாது. அழுத்தத்தை 25 சதவீதம் கூட்டினால் 354. அழுத்தத்தை அப்படியே விட்டு, உராய்வு எண் 0.4 உள்ள லைனிங் போட்டால் 378. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 472.

இந்த மூன்று எண்களையும் பார்த்ததும் கை தானாகக் கடைசி எண்ணுக்குப் போகும். போகக் கூடாது. 320-க்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு உபரி வைத்தாலும் 385 போதும். அதற்கு மேல் நீ வாங்கும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டருக்கும் விலை உண்டு. கடையில் கொடுக்கும் பணத்தைச் சொல்லவில்லை, பிறகு தினமும் கொடுக்கப்போகும் விலையைச் சொல்கிறேன். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். கோவை காந்திபுரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் ஊர்ந்து பார், முழங்கால் சொல்லும். கேபிள் கிளட்ச்சாக இருந்தால் கேபிள் சீக்கிரம் அறும், ஹைட்ராலிக் என்றால் சிலிண்டர் சீல் கசியும். பெடலை மிதிக்கும்போதெல்லாம் ரிலீஸ் பேரிங் தள்ளும் தள்ளு கிரான்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் பேரிங்கில்தான் போய் விழுகிறது. அது தேய்ந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

உராய்வைக் கூட்டும் வழியில் வேறு சிக்கல். கம்பெனி பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலைஅலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். பெடலை விடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, பிடிப்பை இழைய விடுகிறது. வண்டி குலுங்காமல் நகர்வது அந்தத் தகட்டின் உபயம். வட்டமான லைனிங்குக்குப் பதில் மூன்றோ ஆறோ செராமிக் துண்டுகள் வைத்த பந்தய பிளேட்டுகள் பலவற்றில் இந்தத் தகடே கிடையாது. பிடிக்கும் அல்லது விடும், நடுவில் எதுவும் இல்லை. செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடும் பந்தயக் காருக்கு அது சரி. அங்கே ஒருமுறை கிளம்பினால் பிறகு நிற்க வேண்டியதில்லை, முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கே போவதில்லை. தெருவில் அந்த பிளேட்டோடு ஓட்டுபவருக்கு இரண்டே வழி. ஒன்று வண்டி ஜர்க் அடித்து முன்னால் பாயும், இல்லை ஆஃப் ஆகும். ஏற்றத்தில் ஆஃப் ஆனால் பின்னால் உருளும். பின்னால் நிற்பது பெரும்பாலும் இரண்டு சக்கர வண்டி, அதில் ஒரு குடும்பம்.

ஆகவே தெருவில் ஓடும் காருக்கு நான் சொல்வது இதுதான்: முழு வட்ட லைனிங், நல்ல தரமான ஆர்கானிக், நடுவில் ஸ்ப்ரிங் வைத்த ஹப், அளவாகக் கூட்டிய அழுத்தம். கெவ்லர் நீண்ட நாள் உழைக்கும், இழைவாகவும் பிடிக்கும். ஆனால் ரன்னிங் இன் காலத்தில் பொறுமை வேண்டும், ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறி மினுங்கிப்போனால் பழைய பிடிப்பு திரும்புவது கடினம். டார்க் இன்னும் அதிகமென்றால் இரட்டை பிளேட் கிளட்ச் இருக்கிறது. உராயும் முகம் நான்காவதால் அழுத்தத்தை ஏற்றாமலே தாங்கும், விலைதான் அதிகம். 'ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதே. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 1 ஆக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், எவ்வளவு அழுத்தம், என்ன லைனிங், ஹப்பில் ஸ்ப்ரிங் உண்டா என்று கேள். இந்த நான்குக்கும் நேராகப் பதில் சொல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதே. நீயும் அவரிடம் உண்மையைச் சொல். நண்பர்களிடம் சொன்ன பெருமைக் கணக்கு அவருக்கு உதவாது. டார்க்கை அளக்கும் டைனோவில் ஓட்டிய தாள் இருந்தால் காட்டு, அது சக்கரத்தில் அளந்ததா, இன்ஜினுக்குக் கணக்கிட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. ரீமேப் செய்தவரிடமே திரும்பிப் போய், 1,800-லிருந்து 2,500 ஆர்.பி.எம். வரைக்குமான டார்க்கைக் குறைக்கச் சொல். டர்போ டீசலில் கிளட்ச்சைக் கொல்வது அந்த இடம்தான். மேல் ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் குதிரைத்திறனை விட்டுக்கொடுக்காமலே இதைச் செய்ய முடியும். பல கார்களுக்குக் கம்பெனி கிளட்ச்சே போதும் என்றாகிவிடும். இதைச் சொன்னால் கிளட்ச் விற்பனை போய்விடுமே என்று பட்டறைக்காரர்கள் தயங்க வேண்டாம். வண்டியோடு திரும்பி வரும் வாடிக்கையாளர் அந்த லாபத்தைவிடப் பெரிய லாபம்.

டீசல் கார்கள் பலவற்றில் இரட்டை ஃப்ளைவீல் இருக்கும். இரண்டு பாகம், நடுவே ஸ்ப்ரிங். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் கியர் பாக்ஸுக்கு அடியாகப் போகாமல் அது வாங்கிக்கொள்கிறது. விலை அதிகம் என்று அதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடுகிறார்கள். போடலாம், ஆனால் அந்த வேலையைச் செய்ய பிளேட்டின் ஹப்பிலாவது நல்ல ஸ்ப்ரிங் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ரிஜிட் ஹப் பிளேட்டை மாட்டினால் ஐட்லிங்கிலேயே கியர் பாக்ஸ் கடகடக்கும். அந்தச் சத்தம் பற்கள் அடிபடும் சத்தம்.

இதையெல்லாம்விட ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பெனி ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து எடையைக் குறைக்காதே. முகத்தை அளவோடு சமப்படுத்துவது வேறு, எடை போக வேண்டும் என்று பின்பக்கத்தைச் சுரண்டியெடுப்பது வேறு. வார்ப்பு இரும்பு சுற்றும்போது அதைக் கிழிக்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 3,000-லிருந்து 6,000-க்குப் போனால் நான்கு மடங்கு. வெடித்தால் துண்டுகள் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வெளியேறும். அங்கேயிருந்து உன் கால்கள் எவ்வளவு தூரம் என்று பானட்டைத் திறந்து ஒருமுறை பார். அமெரிக்க டிராக் பந்தயங்களில் எஸ்.எஃப்.ஐ. 1.1 என்ற தரத்தில் சோதித்த ஃப்ளைவீலும் கிளட்ச்சும் கேட்பதும், பெல் ஹவுசிங்கைச் சுற்றி எஃகுக் கவசம் போடுவதும் சும்மா இல்லை. எடை குறைந்தது வேண்டுமென்றால் அதற்கென்றே எஃகில் செய்து, பேலன்ஸ் பார்த்த ஃப்ளைவீலை வாங்கு. பணம் இல்லையென்றால் கம்பெனி ஃப்ளைவீலே இருக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. பெல் ஹவுசிங்கைத் திறந்ததும் உள்ளே கிடக்கும் கறுப்புத் தூளை ஏர் பைப்பால் ஊதச் சொல்லி உதவிக்கு நிற்கும் பையனிடம் கொடுக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. வந்திருக்கும் பிளேட்டில் அது இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் நோயாக வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும், அப்போது அந்தப் பையன் உங்கள் பட்டறையில் இருக்கமாட்டான். பழைய பிளேட்டுக்கு லைனிங் ரிவெட் அடித்து, பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியில் போட்டு விற்பவரிடமிருந்து வாங்கி மாட்டாதீர்கள். தெரிந்தே மாட்டினால் அது களவுக்கு உடந்தை.

தம்பி, ரீமேப்பை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மறைத்துவைக்காதே. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் தடுக்கிறது. விபத்து நடந்த பிறகு உன்னால் அடிபட்டவரின் இழப்பீடு இன்சூரன்ஸ் கம்பெனியோடு வரும் தகராறில் இழுபடக் கூடாது. காரை விற்கும்போதும் அப்படித்தான்: என்ன கிளட்ச், என்ன ரீமேப் என்று எழுதிக் கொடுத்தே விற்க வேண்டும்.

மாட்டிய பிறகு முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டு. அதிக ஆர்.பி.எம்.மில் பெடலை விட்டுக் கிளம்பாதே. 1,500-க்குப் பதில் 3,000-ல் விட்டால் பிளேட்டில் ஏறும் சூடு இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த 800 கிலோமீட்டர் முடிந்ததும், வீட்டில் இந்தக் காரை வேறு யார் ஓட்டுகிறார்களோ, அம்மாவோ தங்கையோ, அவரிடம் சாவியைக் கொடு. பக்கத்தில் உட்கார்ந்துகொள். கூட்டமில்லாத ஒரு மேட்டில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து எடுக்கச் சொல். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரை எடுப்பது அவராகவும் இருக்கலாம். பெடல் அவர் காலுக்குக் கனமாக இருந்தாலோ, வண்டி அடுத்தடுத்து ஆஃப் ஆனாலோ, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அந்தக் கிளட்ச்சைக் கழற்றிவிட்டு, இழைவாகப் பிடிக்கும் வேறொன்றைப் போடு. அது தாங்கும் அளவுக்கு ரீமேப்பையும் குறைத்துக்கொள்.